லீக்ஸ் தோடு

ஜனவரியில் நுவரெலியாவில்
பொலிமர் களியை எடுத்தவுடனே பிசையக் கூடாது,
தண்ணி பத்தாத ரொட்டி மாவாய் உதிரும்.
வெள்ளைக் கட்டியைப் பொலித்தீனில் சுற்றி
இடுப்பில் செருகிக்கொண்டு
தேத்தண்ணி, பாத்திரம், மகனின் சப்பாத்து
எல்லாம் முடிக்கிறேன்.
எட்டரைக்கு அது என் சூட்டுக்கு வந்துவிடும்.

அடுத்த தொல்லை ஸ்வெட்டர்.
கழற்றினால் விரல் விறைக்கும்,
போட்டால் சிவப்புப் பஞ்சு
வெள்ளையில் போய் ஒட்டும்.
டிசம்பரில் நான் விற்ற பனிமனிதர் ஐந்து பேருக்கும்
லேசாய்க் காய்ச்சல் முகம்.

அவன் வந்தது போன வருஷம்.
"அவன் வந்துட்டானாமே, காட்ட மாட்டியா?"
என்று பக்கத்துக் காம்பரா செல்வமதி அக்கா கண்ணடித்தாள்.
காட்டினேன்:
கொழும்பில் பழசாய் வாங்கியது,
கதவுக் கண்ணாடியில் கீறல்.
முகத்தில் நூற்று முப்பது என்பான்,
வயிற்றில் நூற்று அறுபது.
முதல் தட்டு ரோஜா முழுக்கப் பாண் தோல் நிறம்.
இப்போது உள்ளே ஒரு வெப்பமானி இருக்கிறது.
அவன் சொல்வதை நான் கேட்பதில்லை.

எல்லவில் வெள்ளைக்காரர் வரும் கடை.
திலினி மிஸ் என் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.
"நல்லா இருக்கு. ஆனா
ரெண்டு இலை ஒரு மொட்டு செய்ங்க.
கூடையோட உங்க படம் ஒண்ணு
அட்டையில போடுவோம்."
கொழுந்து பறித்தது அம்மா.
நான் ஏழு வருஷம்
போட்டோகொப்பிக் கடையில் நின்றவள்.
சொன்னேன்.
"பரவாயில்ல, கூடை நாங்களே தாறோம்.
ஒரு மணித்தியாலம்தான்."

திரும்பி வரும் பஸ்ஸில்
பொய் சொல்வானேன், கணக்குப் போட்டேன்.
கூடையோடு எழுநூறு ரூபா,
கூடையில்லாமல் முந்நூற்றைம்பது.
வெலிமடை தாண்டி ஒரு வளைவில்
லொறி ஒன்று வழிவிடாமல் நின்றது.
பின்கதவு வரை லீக்ஸ்,
அறுத்த முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்து,
வெள்ளைக்குள் பச்சை, பச்சைக்குள் வெள்ளை.
பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது.
நான் மடல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு
நடுவில் துளி மஞ்சள் கலந்த வெள்ளை,
அதன்மேல் மெஷினில் தேய்த்த இளம்பச்சைத் தாள்,
மறுபடி வெள்ளை,
பதினொரு சுற்று.
தடியை இரு கையாலும் உருட்டி இழுத்து
ஜன்னல் படியில் குளிர வைத்தேன்.
(ஜனவரிக்கு ஒரு நன்றி.)
விடியச் சீவினேன்.
எங்கே வெட்டினாலும் அதே முகம்.

படம் எடுக்கப் பத்தரை மணிப் பனிமூட்டம் போதும்,
லைட்டுக்குக் காசு வேண்டாம்.
காதுக்கு செல்வமதி அக்கா.
நரைமுடியை மறைக்கச் சொன்னாள்,
நான் மறைக்கவில்லை. பச்சை அதில்தான் எடுபட்டது.
கீழே எழுதினேன்:
லீக்ஸ். சாப்பிட முடியாது.
தண்ணீர் படலாம், சென்ட் படக்கூடாது.
செய்தது யோகமலர்.
கடைசி வரியை மூன்று தடவை அழித்தேன்.
களியைப் பற்றி எவ்வளவும் பேசலாம்,
என்னைப் பற்றி ஒரு வரி எழுத
அரை நாள் போய்விடுகிறது.

முன்பக்கத்தை
நானூறு, எண்ணூறு, ஆயிரத்திருநூறு என்று
தண்ணீரில் நனைத்த தாளால் தேய்க்கிறேன்.
பின்பக்கம் தேய்ப்பதில்லை,
அங்கே என் பெருவிரல் ரேகை.
அம்மா சம்பளத்துக்கு வைத்ததும் இந்த விரலைத்தான்.
எனக்கு மூன்று மொழியில் கையெழுத்து வரும்.

ஏப்ரல் சீசன். ஏரிப் பக்கம் மூன்றடி மேசை.
"வெங்காயமா?" என்றாள் ஒருத்தி.
"லீக்ஸ்."
கூட வந்தவன் சிரித்தான். போய்விட்டார்கள்.
பிறகு கந்தப்பொளையிலிருந்து ஒருவர்,
நகத்தில் தோட்டத்து மண்,
ஒரு தோட்டை வெயிலில் பிடித்து
உதடசைய எண்ணினார்.
"எல்லாம் சரி.
நடுக்குருத்துல இவ்வளவு மஞ்சள் வராது, தங்கச்சி"
என்று திருத்திவிட்டு
மகளுக்கு ஒரு ஜோடி வாங்கினார்.

குறித்துக்கொண்டேன்.