எந்த வாளியில்

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று
ஷெரினின் ஞானஸ்நான விருந்தில்
பிரியாணித் தட்டோடு நின்று சொன்னேன்.
எல்லாரும் கைதட்டினார்கள்.
ஜெசிந்தா என் சட்டையை முகர்ந்து பார்த்து
தலையாட்டினாள்.

பொய்யில்லை. பாதி.
கம்மனஹள்ளியில் மொபைல் கவர் விற்பவன்
கல்லாவுக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுத்தான்.
விரல் நீளம், ஊதா நிறம்,
மேசையில் கிடந்தால் பேனா என்பார்கள்.
"புகை இல்ல சார், வெறும் ஆவி."
ஏதோ இட்லிப் பானையிலிருந்து வருவதைப் போல.
நம்பினேன்,
நம்ப வேண்டியிருந்ததால்.

லிங்கராஜபுரத்தில் இரண்டு அறை வீடு.
பால்கனி என்று வீட்டுக்காரர் சொல்வது
துணி காயும் ஒரு கம்பி.
அதனால் முதலில் குளியலறையில்.
அப்புறம் சமையலறை ஜன்னலோரம்.
அப்புறம் மழை நாட்களில்
கட்டிலின் கால்மாட்டில்,
அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு.

அவள் தூங்கவில்லை. அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.
"அப்பா, மேகம் விடு."
விட்டேன்.
ஐயோ, விட்டேன். சிரிப்பாள் என்பதற்காக
வட்டம் வட்டமாக விட்டேன்.
ஒரு நாள் பச்சைக் கிரேயானை உதட்டில் வைத்து
கன்னம் ஒட்ட இழுத்து
கண்ணை மூடி ஊதினாள்.
போனில் படம் எடுத்தேன்.
இன்னும் இருக்கிறது. பதினோரு நொடி.

ஊற்றும் புட்டியை என் ஷூவுக்குள் ஒளித்திருந்தேன்.
கண் மருந்துப் புட்டி அளவு, மேலே மாம்பழப் படம்.
மூடியை நான்தான் சரியாகத் திருகவில்லை.
அப்பா ஷூவை மாட்டி நடந்து பார்ப்பது
ஷெரினுக்கு விளையாட்டு.
இவை எல்லாம் எனக்குத் தனித்தனியாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை, எட்டேகால்.
வாந்தி. மறுபடி வாந்தி.
எச்சில் நூலாக இறங்கியது. கழுத்து நிற்கவில்லை.
"வாயில மாம்பழ வாசனை வருது.
டிசம்பர்ல ஏது மாம்பழம்? யார் கொடுத்தா?"
ஆட்டோவில் ஜெசிந்தா கேட்டுக்கொண்டே வந்தாள்.
ஹென்னூர் சாலை சிக்னலில்
நூற்றிருபதிலிருந்து எண் இறங்கியது.
நூற்றுப் பத்தில் சொல்லியிருக்கலாம்.
அறுபதில்.
மூன்றில்.

டாக்டர் சின்னப் பெண்.
"ஏனு குடிதளு?" என்றாள் கன்னடத்தில்.
ஜெசிந்தா தெரியாது என்று தொடங்கும்போது
நான் பாக்கெட்டிலிருந்து புட்டியை எடுத்து வைத்தேன்.
எறும்பு எழுத்து. எத்தனை மில்லிகிராம் என்று
டாக்டர் போன் வெளிச்சத்தில் தேடினாள்.
ஜெசிந்தா புட்டியைப் பார்க்கவில்லை.
என் பாக்கெட்டைப் பார்த்தாள்.
வீட்டிலிருந்தே அது அங்கே இருந்திருக்கிறது
என்று கணக்குப் போட்டு முடிக்கும்வரை
பார்த்தாள்.

விடிகாலை நாலு மணிக்கு
ஷெரின் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.
கொடுக்க நான் எழுந்தேன்.
ஜெசிந்தா டம்ளரை என் கையிலிருந்து வாங்கி
ஒருமுறை கழுவிவிட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை குப்பை வண்டி பாட்டோடு வந்தது.
ஈரக் குப்பை ஒரு வாளி. உலர் குப்பை ஒரு வாளி.
மூன்றாவதாகப் பழைய சாக்ஸில் சுற்றி, இது.
நரசம்மா அவிழ்த்துப் பார்த்தார்.
"பேனாவா?"
சொன்னேன். இந்த முறை உடனே சொன்னேன்,
பேட்டரி இருக்கிறது, மிச்ச மருந்தும் இருக்கிறது,
எந்த வாளி என்று தெரியவில்லை.
அவர் திரும்பச் சுற்றி என்னிடமே கொடுத்தார்.
வண்டியின் முன்சீட்டைத் தாடையால் காட்டினார்.
அங்கே அவர் மகன், மூன்று வயது இருக்கும்,
யார் வீட்டுக் குப்பையிலோ கிடைத்த
சக்கரமில்லாத காரை
வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான்.
"இந்த வண்டியில போடறது எல்லாம்
இவன் கைக்கு வந்துதான் போகும்."

பாட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பியது.
நான் சாக்ஸோடு நின்றேன்.
மாடி ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து
ஷெரின் கூப்பிட்டுக் கையாட்டினாள்.
என் கை
தானாக முதுகுக்குப் பின்னால் போனது.