வகிடு

காஸலுக்குத் தெற்கே, ஆட்டோபான் மலையேறும் இடம்.
மழை. மாலை ஆறு.
ஒரு லாரியை இன்னொரு லாரி முந்துகிறது,
மணிக்கு இரண்டே கிலோமீட்டர் வித்தியாசத்தில்.
யானைப் பந்தயம் என்போம் இங்கே.
தடையெல்லாம் தாண்டி வந்தால்
இடக்கோடித் தடத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கார்.
பின்கண்ணாடியில் குழந்தைக்கான வெயில்திரை,
அதில் ஒரு மஞ்சள் வாத்து.

வலப்பக்கம் இடமிருந்தது. ஒதுங்கவில்லை.
நான் காதுக் கருவி விற்பவன்,
ஹார்ன் அடிப்பதில்லை, தொழில் தர்மம்.
விளக்கைச் சிமிட்டினேன், மூன்று முறை.
பிறகு எண்ணவில்லை.
நம்பர் பிளேட்டின் திருகாணி தெரியுமளவு நெருங்கினேன்.
ஒதுங்கியதும்
கடன் வசூலித்தவனைப் போலக் கடந்து போனேன்.

அப்புறம் ஒரு காபி.
கழிப்பறைக்கு ஒரு யூரோ.
அதற்குள் வாத்து என்னைத் தாண்டிப் போயிருக்கும்.

மறுபடி ஏறியதும் சிவப்பு விளக்குகள், மலை முழுக்க.
யாரும் யாரிடமும் சொல்லவில்லை.
இடக்கோடியில் நின்றவர்கள் இடது ஓரம் ஒட்ட,
மற்றவர்கள் வலதில் சாய,
ஈரத்தலையில் சீப்பு நுனி இழுத்த மாதிரி
உச்சிவரை திறந்தது ஒரு வகிடு.
நீலம் போயிற்று அதில்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது, இரும்பை வெட்டும் கத்தரி வண்டி.
நான்காவதாய்
ஆம்புலன்சின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளிக் கார்.

பக்கத்து லாரியிலிருந்து இறங்கினார் ஓட்டுநர்.
முன்கண்ணாடியில் பெயர்ப்பலகை: பிளாமென்.
பல்கேரிய எண், வீட்டுச் செருப்பு.
மழையில் நின்று உள்ளங்கையை மட்டும் காட்டினார்.
வெள்ளிக் கார் நின்றது. யாரோ இடம் கொடுக்க
கூனிக்குறுகி வரிசைக்குள் நுழைந்தது.
அவனைத் திட்ட வாயெடுத்தேன்.
வாத்து வந்து நின்றது தொண்டையில்.

ஐம்பது நிமிடம்.
என்ஜின் அணைத்த கார்களின் கூரையில் மழை.
சிவப்பாக இருக்கக் கூடாது, சிவப்பாக இருக்கக் கூடாது.

ஒற்றைத் தடம் திறந்தார்கள்.
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
முன்பின் தெரியாத நாங்கள்
ஒன்றுவிட்ட உறவுக்காரர்களாய் நகர்ந்தோம்.

சாம்பல்நிற வேன்.
கண்ணாடித் தூள்மேல் பேக்கரித் தட்டுகள்,
நனைந்து ஊதிய ரொட்டி.
அப்பாடா, என்றது என் வாய்,
சத்தமாக.
கேட்டது எனக்கு மட்டும்தான்.

இப்போது வலக்கோடியில், எண்பதில், பிளாமெனுக்குப் பின்னால்.
இடப்புறம் ஒரு யானை மூச்சுவாங்கி
அவரை முந்துகிறது. நீண்ட நேரம்.
வால் தாண்டியதும்
பிளாமெனின் முன்விளக்கு ஒருமுறை சிமிட்டுகிறது:
தாண்டிட்டே, உள்ளே வா.
அந்த லாரியின் ஈரக் கதவில்
அடித்துத் திரும்புகிறது வெளிச்சம்.
அதே சிமிட்டல்தான்.