கை பட்டது, கண் பட்டது

வாட்ஃபர்டில் எங்கள் ஏலக்கிடங்கில்
இரண்டே நிறத்தில் அட்டைகள்.
மஞ்சள்: நடிகரின் கை பட்ட பொருள்.
வெள்ளை: காமிராவின் கண் மட்டும் பட்டது.
எங்கள் ஊரில் கண் பட்டால்
மிளகாய் சுற்றிப் போடுவார்கள்.
இங்கே விலையைக் குறைத்துப் போடுகிறோம்.

செவ்வாய்க்கிழமை மழையில் வந்தார் கிளைவ் பெதரிக்.
லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்ந்தவர்,
பிளிமத்திலிருந்து மூன்று ரயில் மாறி,
மடியில் குளியல் துண்டு சுற்றிய
பச்சை டெலிபோனோடு.
கொலைகாரன் அழைக்கும்போது
அவள் எடுத்தாளே, அதேதான் என்று
பதினோரு வருடம் முன்பு
நாலாயிரத்து இருநூறு பவுண்டு கொடுத்திருக்கிறார்.
மனைவியிடம் எழுநூறு என்று சொல்லியிருக்கிறார்.
இப்போது அவள் முழங்காலுக்குப் பணம் வேண்டும்.

"தூக்கிப் பாருங்கள்," என்றார் பெருமையாக.
"எவ்வளவு கனம்!"

தூக்கினேன்.
தூக்கியதுமே தெரிந்துவிட்டது.
சொல்லவில்லை. டீ போட்டேன்.

நாயகன் நீட்டும் துப்பாக்கி ரப்பர்.
அவன் தலையில் உடையும் புட்டி சர்க்கரை.
அவள் அழுதபடி புரட்டும் நாட்குறிப்பில்
மூன்றாம் பக்கத்துக்கு மேல் வெற்றுத்தாள்.
பின்னால், யாரும் தொடாத அலமாரியில்தான்
மெய்யான புத்தகங்கள், எடைக்கு வாங்கியவை:
ரயில்வே விதிகள், பன்றி வளர்ப்பு,
'ஈடித்துக்கு, 1931' என்று மையில் எழுதிய வேதாகமம்.
சுவரில் மெய்யான கடிகாரம்.
மைக்கில் கேட்டுவிடும் என்று
ஊசலை மட்டும் கழற்றியிருப்பார்கள்.

எடுத்துப் பேசுகிற டெலிபோனுக்குள்
ஒன்றும் இருக்காது.
பத்தொன்பதாவது டேக்கிலும் மணிக்கட்டு நோகக் கூடாதே.
மணியும் இரும்பும் சுருளும் இருப்பது
எடுக்காத டெலிபோனில்.

"வீட்டில் இணைத்துப் பார்த்தேன்," என்றார் கிளைவ்.
"அடித்தது. மருமகள் பேசினாள்."
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், பாவம்.

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.
படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினோம்.
அவள் பிடித்ததில், காதுப் பக்கம்,
அரிசி அளவுக்கு ஒரு வெடிப்பு.
இவருடையதில் இல்லை.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.
"பிறகு பூசியிருப்பார்களோ?"

நான் பதில் சொல்லாமல் படத்தை ஓட விட்டேன்.
நாற்பத்தோராம் நிமிடம்.
பாதி திறந்த கதவு, மாடி நடை,
அதன் கோடியில் கலங்கலாய் ஒரு பச்சை,
வயரில் சுற்றிய வெள்ளை டேப்.
மேசை மேல் இருந்ததிலும் அதே டேப்.
மூன்று நொடி.
அவள் தோள் குறுக்கே வந்தது.
அவ்வளவுதான்.

கவிழ்த்தேன். அடியில் பென்சில் எழுத்து:
மாடி நடை. டயல் சுவர்ப் பக்கம். தூசி துடைக்காதே.
யாரோ தூக்கி வந்து, வைத்து,
தள்ளி நின்று பார்த்து,
மறுபடி அரை அங்குலம் திருப்பியிருக்கிறார்.
அந்தக் கைக்கு எங்களிடம் அட்டை நிறம் கிடையாது.

வெள்ளை அட்டையை எடுத்து எழுதினேன்:
'படத்தில் தெரிகிறது. யாரும் எடுக்கவில்லை.
முந்நூற்றைம்பது பவுண்டு.'

"நடு வரி வேண்டாமே," என்றார்.
அடித்தேன்.
கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்
என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு
டெலிபோனைத் துண்டில் சுற்றத் தொடங்கினார்,
குழந்தையைக் குளிப்பாட்டியவர் மாதிரி.

"ஈவ்லினிடம் எழுநூறு என்றுதானே சொன்னேன்?
பாதிதான் நட்டம்.
முழங்காலுக்குக் காரை விற்கிறேன்.
எங்கே போகப்போகிறேன்."

மழை விடவில்லை.
வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.
"நாற்பத்தொன்று சரி.
எத்தனையாவது நொடி?"

அவருடைய ரயில் டிக்கெட்டின் பின்னால்
எழுதிக் கொடுத்தேன்.