நாலு வால்

கொழும்பிலிருந்து வந்த பெட்டியில்
சேர்வர் இருந்தது, விளக்கக் கொப்பி இல்லை.
கேபிள்கள் மட்டும் ஒரு சொப்பிங் பாக் நிறைய,
வலையோடு வாரிய நெத்தலிபோல்.

உவர்மலை. மேல்மாடி. கிளினிக் பூட்டியாயிற்று.
நுஸ்கியாவுக்குக் கிண்ணியா பஸ் ஆறே முக்காலுக்கு.
போகுமுன் மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டினாள்:
இது விசிறி.
இது முன்பக்க லைட்.
இது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அந்த மூன்றாவதோடு நான் தனித்திருந்தேன்.
ஒரு முனையில் அகன்ற வாய்,
மறுமுனையில் நாலு வால்.
டிஸ்க்கும் நாலு. பிறகென்ன,
செருகினேன். கிளிக் என்று கவ்விக்கொண்டது.
திரையில் ஒரு டிஸ்க்கும் இல்லை.

ஒன்பதரைக்குத்தான் விளங்கிற்று:
இதே உருவில் இரண்டு வகை உண்டு.
ஒன்று வாயிலிருந்து வாலுக்கு,
மற்றது வாலிலிருந்து வாய்க்கு.
தோலில் அம்புக்குறி எதுவும் போடவில்லை.
கிளிக் உண்மை. பேச்சுத்தான் இல்லை.

அதைவிடப் பயம் கரண்ட் வயர்.
பழைய சப்ளையின் ஆறு துளை
புதியதிலும் சரியாகப் போய் உட்காரும்.
எந்தத் துளையில் பன்னிரண்டு வோல்ட் என்பது
அந்தந்தக் கம்பனியின் இஷ்டம்.
மீற்றர் ஊசியால் ஒவ்வொன்றாய் விசாரித்தேன்.
மூன்றாம் துளை பொய் சொன்னது.
கை கொஞ்சம் நடுங்க, கழற்றி வைத்தேன்.

சீனக்குடாப் பக்கம் ஒரு கப்பல்
ஒரேயொரு தரம் ஊதியது.
யாருக்கென்று விளங்கவில்லை.

டேப் கிழித்து எழுதினேன்:
திசை மாறியது. வீசவேண்டாம்.
நாலு வாலையும் சுருட்டி லாச்சியில் வைத்தேன்.

கொத்து ரொட்டிப் பார்சல் ஆறிப்போயிருந்தது.
அதையும் பிரிக்காமல்,
மணந்து பார்த்தே சொன்னேன்:
மாடு.