இன்னொரு கருவிக்கு உரியது

மார்த்தாண்டம் பாலத்தடியில் லிபின் விற்ற டியூனர்
ஒரு சோப்புப்பெட்டி அளவு. மூன்று தவணை.
"பேடிக்காண்டாம், ஒண்ணும் தெரியாதவனுக்கு உள்ளதாக்கும்"
என்றான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில்
பதினாறு துளையோடு ஒரு வாய்.
இரண்டு வருடம் ஓட்டியும்
அது அங்கே திறந்திருப்பது எனக்குத் தெரியாது.

சாவியை ஒரு திருகு. அடுத்த திருகு வேண்டாம்.
விளக்குகள் விழிக்கட்டும், எஞ்சின் உறங்கட்டும்.
ஃபேனை நிறுத்து, பாட்டை நிறுத்து, கதவைத் திறந்து சாத்தாதே.
பாதியில் பேட்டரி இறங்கினால்
முன்னதும் இல்லை பின்னதும் இல்லை என்று
வண்டி நடுவழியில் ஊமையாகிவிடும்.
முதல் வேலை, உள்ளே எழுதியிருப்பதை நகலெடுப்பது:
திரும்பி வர ஒரு வழி.
முருங்கைக்காய் எடைச்சீட்டின் பின்பக்கம்
இதையெல்லாம் எழுதி வைத்திருந்தேன்.

நகலெடுக்க மறுத்தது.
திரையில் ஒரே வரி:
இந்த வண்டி இன்னொரு கருவிக்கு உரியது.

லிபின் போனிலேயே சிரித்தான்.
"முன்ன ஓட்டுனவன் கைவச்சிருக்கான்.
அவனுக்க மிஷின் வச்சு அவுத்தாதான்
உமக்க மிஷின் ஏறும்."

ஃபைனான்ஸ் ஏலத்தில் எடுத்த பிக்கப்.
பின்கதவில் நான் அடித்த நீலப் பெயிண்டுக்கு அடியில்
யாருடைய நம்பரோ இன்னும் மேடாக இருந்தது.
விரலால் தடவி வாசித்தேன்.
கடைசி எண் எட்டு என்று நினைத்து அடித்ததில்
தக்கலைக்காரி ஒருத்தி நன்றாக ஏசினாள்.
ஆறு.

ததேயுஸ், கீழ்க்குளம்.
"வண்டியக் கொண்டு போனாவ.
இந்தப் பெட்டிய ஆரும் கேக்கேல்ல."

கருங்கல் சந்தைக்குப் பின்னால், ஞாயிறு மதியம்.
தோளில் துண்டு, துண்டுக்குள் டியூனர்.
வந்தவர் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார்,
உள்ளே என்னைப் பார்த்தார்,
சாத்திவிட்டுச் சுற்றி வந்தார்.

பதினொரு நிமிடம்.
பேச்சு கரண்ட் தின்னாது, இருந்தும் பேசவில்லை.
நாற்பத்தியொன்றில் சதவீதம் நின்றுபோனது.
டேஷ்போர்டில் ஓர் இடத்தை
அவர் பெருவிரல் தானாகப் போய் அழுத்தியது.
ஓடும்போது கிறீச்சிடும் இடம்.
நானும் அங்கேதான் அழுத்துவேன்.
நாற்பத்திரண்டு.

முடிந்ததும் கேட்டேன்,
ஏன் இவ்வளவு கூட்டி வைத்தீர் என்று.
"ஆரல்வாய்மொழிக் காத்துக்கு.
காவல்கிணத்துல இருந்து லோடோட வரும்போ
நெஞ்சுல கைவச்சுத் தள்ளும்லா.
கூட்டினேன். வண்டி கேட்டுச்சு.
கரும்புகை, டீசல், கிளட்ச்.
அப்புறம் தவணை முட்டிச்சு."

நீட்டிய ரூபாயை வாங்கவில்லை.
"அந்தக் காத்துல ஏறும்போ
ஒரு போன் போடும். சத்தம் கேக்கணும்."

என் டியூனர் இப்போது ஏறியது.
நகல். அப்புறம் நான்கு படியில் முதல் படி,
மைலேஜ். புதியவன் அதற்கு மேலே தொடக்கூடாது.

ஆடி மாதம், செவ்வாய், முப்பது மூட்டை முருங்கை.
காற்றாலைகள் வெறிபிடித்துச் சுற்றின.
மூன்றாம் கியரில் நாற்பத்தியாறு;
அவர் விட்டபடி விட்டிருந்தால் ஐம்பத்தைந்து.
புகை இல்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டுக்
கண்ணாடியை இறக்கினேன்.
காற்று மட்டும் உள்ளே வந்தது,
எஞ்சினை முழுசாக விழுங்கிக்கொண்டு.
அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை.

"செரி" என்றார் ததேயுஸ்.
"முப்பந்தல் தாண்டிட்டீரு."