டால்பினுக்கு லீவு

தூத்துக்குடிக்கு என்றுதான் சொல்லியிருந்தார்.
மாங்கூழ் ஆலையில் எனக்கு சீசன் போனஸ் வந்ததும்
படகேறி டால்பின் பார்ப்பது,
கரையில் சங்கு பொறுக்குவது.
ஒரு கிலோ ரவைப் பையைக் கழுவிக் காயவைத்து
நாலாய் மடித்து வைத்திருந்தாள் சங்கமித்ரா.

போனஸ் வந்தது.
அவர் தம்பியின் ஆஸ்பத்திரி பில் வந்ததும்
அதே வாரம்தான்.

ஆகவே ஒகேனக்கல்.
"காவேரி கடலுக்குத்தானே போவுது,
அங்கிருந்து மேல ஏறி வராதா என்ன?"
என்றார் மாதையன் பஸ்ஸில்,
என் முகத்தைப் பார்க்காமல்.
நடுவில் மேட்டூர் அணை நிற்பதை
நான் சொல்லவில்லை.
மூன்றாம் வகுப்புப் பாடத்தில்
அணை இன்னும் வரவில்லை.

பரிசல்காரர் பெயர் சின்னப்பையன்.
ஐம்பது வயது இருக்கும்.
தலையில் கவிழ்த்துச் சுமந்து வந்த பரிசலைத்
தண்ணீரில் போட்டுவிட்டு
"ஓரத்துல வேணாம் பாப்பா, நடுவுல குந்து" என்றார்.
ஆரஞ்சு மிதவைச் சட்டைக்குள்
மூக்குவரை காணாமல் போயிருந்தவள் கேட்டாள்:
"டால்பின் எந்தப் பக்கம் வரும்?"

துடுப்பு நின்றது.
மாதையன் அவருக்குக் கண்ணைக் காட்டினார்.
"முந்தாநேத்து வந்துச்சே.
இன்னிக்கு அதுக்கு லீவு."

இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.
தவணை கேட்க வருகிறவர்கள்
எங்கள் வாசலில் நின்று
அப்படித்தான் பார்ப்பார்கள்.

பாறைச் சுவர்களுக்கு நடுவே
பரிசலை மூன்று சுற்றுச் சுற்றினார்.
வானம் ஆட்டுக்கல் போல் சுழன்றது.
கத்தினோம், சாரலில் நனைந்தோம்.
அவள் மட்டும் தண்ணீரையே பார்த்திருந்தாள்.

திரும்பும் வழியில்
நிழல் விழுந்த மடுவில் மூன்று தலைகள்.
வழுவழுப்பாய், மீசையோடு.
ஒன்று பாறைமேல் ஏறி
ஒரு கெளுத்தியைத் தலையிலிருந்து தின்றது.
முள் நொறுங்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது,
முறுக்குக் கடிப்பது போல.

"அதோ!" என்று எழப்போனார் மாதையன்.
பரிசல் சாய்ந்தது.
"அது நீர்நாய்ப்பா" என்றாள்.
"அம்மா, உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

நான் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்த
அந்த நீர்நாயைப் பார்த்தேன்.

மணல்திட்டில் பத்து நிமிடம் விட்டார்கள்.
சங்கு இல்லை. மட்டிச் சிப்பிகள்தான்.
வெளியே சேற்றுக் கறுப்பு,
உள்ளே மழைக்கு முந்திய வானத்தின் ஊதா.
காதில் வைத்துப் பார்த்தாள்.
"ஒண்ணும் சொல்லல" என்றாள்,
ஆனாலும் பை நிறைந்தது.

பெண்ணாகரம் பஸ் நிலையத்தில்
தர்மபுரி வண்டிக்குக் காத்திருந்தபோது
பைக்குள் ஒன்று வாயைத் திறந்தது.
வெளிறிய நாக்கு மாதிரி ஏதோ நீட்டி
அவள் விரல் பட்டதும்
டக்கென மூடிக்கொண்டது.

"உசுரோட இருக்கு."
அழவில்லை. அழுதிருந்தால்
போண்டா வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்போம்.
"உசுரோட இருக்குப்பா" என்றாள் மறுபடி,
அவ்வளவுதான்.

தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து
சிப்பியை அதற்குள் வைத்து
எதிர்த் திசை பஸ்ஸில் ஏறினார் மாதையன்,
ஒரு வார்த்தையும் சொல்லாமல்.
கடலுக்குப் போகக் காசில்லாத மனிதர்,
ஒரு மட்டிக்குத் துணையாக.

இரண்டு தர்மபுரி வண்டிகளை விட்டோம்.
பூக்கடையில் விளக்கு போட்டார்கள்.
என் மடியில் தூங்குவதாய் நடித்தாள்.

வந்தார். சட்டைக் கை முழங்கைவரை ஈரம்.
"ஆத்துலயே விட்டேன், ஆழமா."
கண் திறக்காமலே
அவர் கையை இழுத்து முகர்ந்து பார்த்தாள்.
என்ன வாசனை வந்ததோ,
கையை விடவேயில்லை,
இண்டூர் தாண்டியும்.

மறுநாள் துணி ஊறவைக்கும்போது
அவர் சட்டைப் பையைத் துழாவினேன்.
நானும் முகர்கிற ஜாதிதான்.
டிக்கெட்டுகள் கூழாகிக் கிடந்தன.
போக ஒன்று, வர ஒன்று
என்று எண்ண முடியவில்லை.
விரலில் ஒட்டிய அந்த ரோஸ் நிறத்தை
வாளியிலேயே கழுவிவிட்டு
சோப்புத்தூளைப் போட்டேன்.