சுமையளவு

ஏழு நாள் மேலே, ஏழு நாள் கீழே.
மேலே நான் ஓட்டும் லாரி
முந்நூறு டன் செம்புப்பாறை சுமக்கும்.
அதற்கு மேல் ஒரு வாளி கொட்டினாலும்
தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும்,
வண்டி நகராது.

கீழே அந்தோஃபகாஸ்தாவில்
என் மகன் அமாரோவுக்கு
மூன்று வயதாக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.
சுகாதார நிலையத்துத் தராசில் ஏறி நின்றான்.
பத்தொன்பது கிலோ.
விளக்கு எதுவும் எரியவில்லை.
காகிதத்தில் வளைந்து போகும் கோடுகளுக்கெல்லாம் மேலே,
யாருமில்லாத வெள்ளையில்,
ஒரு புள்ளி வைத்தாள் அந்தப் பெண்.

"என்ன சாப்பிடுகிறான்?"
யாஸ்னா என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
பயறு, பூசணி மசியல், வேகவைத்த மீன்.
அதெல்லாம் நான் இல்லாத வாரத்துச் சாப்பாடு.
"அப்பா வந்தால்?"

அப்பா வந்தால்
பேருந்து நிலையத்துக் கடையிலேயே தொடங்கிவிடும்.
பாலைச் சுண்டக் காய்ச்சி அடைத்த பிஸ்கட்,
ஸ்ட்ராபெரி பால் ஆறு டப்பா,
கரடி உருவில் ஜெல்லி.
உறைமேல் கறுப்பு எண்கோணம் ஒன்று, இரண்டு, மூன்று:
சர்க்கரை மிகுதி, கொழுப்பு மிகுதி, கலோரி மிகுதி.
சாலையில் அதே வடிவம் சிவப்பில் நின்றால்
முந்நூறு டன்னையும் நிறுத்துகிறவன் நான்.
கடையில் ஒருநாளும் நின்றதில்லை.

ராத்திரி விழித்து என் முகத்தைப் பார்த்து
யார் இது என்று அவன் யோசிப்பானே,
அந்த ஒரு நொடிக்குப் பயந்துதான்
பால்புட்டியில் சாக்லேட் மாவு மூன்று கரண்டி.
அவன் அழுகை நிற்கும்,
என் பயமும்.
பேருந்தில் முன்பின் தெரியாதவர்கள் கன்னத்தைக் கிள்ளி
கொழுகொழுவென்று இருக்கிறான் என்பார்கள்.
எனக்குப் பெருமை தாங்காது.

மக்கரேனா, அதுதான் அவள் பெயர், திட்டவில்லை.
"இளைக்க வைக்க வேண்டாம்.
உயரம் ஏறட்டும், எடை காத்திருக்கட்டும்."
காத்திருப்பதுதான் எங்கள் வீட்டுத் தொழில் என்று
சொல்ல வாய் வந்தது.

இந்த முறை வெறுங்கையோடு இறங்கினேன்.
பொய். ஒரு பந்து, நான்கு பேரிக்காய்.
அமாரோ பையைக் கவிழ்த்தான்.
சாக்ஸ், கையுறை, சவரப்பெட்டி
ஒவ்வொன்றாய் முகர்ந்து பார்த்தான்.
பேரிக்காயைக் கடித்து என் பூட்ஸ்மேல் துப்பினான்.
கதவைக் காட்டிச் சொன்னான்:
"மேலே போ."

நான்காம் நாள் மீன்சந்தை வரை நடந்தோம்.
தூக்கு என்றான். தூக்கவில்லை.
பத்தடி. ஒரு நாய். இன்னும் பத்தடி.
இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.
படகுத்துறையில் கடற்சிங்கம் ஒன்று
மீன் தலைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.
"குண்டு!" என்று கத்தியவன்
திரும்பி என் வயிற்றைத் தட்டினான்.

அன்றிரவு புட்டியில் வெறும் பால்.
ஒரு மணி நேரம் அழுதான்.
பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.
யாஸ்னா தூங்குவதுபோல் கிடந்தாள்.
என் கை அலமாரி வரை போய்
மாவு டப்பாவைத் திறந்துவிட்டது.
மூன்று கரண்டி. நானே தின்றேன்,
நின்றபடி, இருட்டில்,
தொண்டையில் ஒட்ட ஒட்ட.

பிறகு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
அழுகையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான்.
யோசித்தான்.
ஒரு நொடி இல்லை, நிறைய நேரம்.
யோசிக்கட்டும் என்று
இருந்தேன்.